ஸ்வான் இடைத்தேர்தல், 1918: வாக்கு எண்ணும் முறையை மாற்றிய விவசாயிகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் 1918 அக்டோபர் 26 அன்று நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளர் எட்வின் கார்பாய் வெற்றி பெற்றார். அவருக்கு வயது 22. பதிவான வாக்குகளில் அவர் பெற்றவை 34 விழுக்காட்டைச் சற்றே தாண்டின. விவசாயிகள் சங்கத்தின் வேட்பாளருக்கு 31 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், ஆளும் தேசியவாதக் கட்சியின் வேட்பாளருக்கு ஏறத்தாழ 30 விழுக்காடும் கிடைத்தன. தொழிற்கட்சியை விரும்பாதவர்களின் வாக்கு அறுபது விழுக்காட்டுக்கு மேல் இருந்தும், அது இரண்டாகப் பிரிந்ததால் தொகுதி கைமாறியது. இருபத்தாறு நாள் கழித்து, நவம்பர் 21 அன்று, ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் தேர்தல் சட்டமே மாறியது. அடுத்த மாதம் விக்டோரியாவின் கொராங்கமைட் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் புதிய முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஃபிளிண்டர்ஸ், அக்டோபரில் ஸ்வான், டிசம்பரில் கொராங்கமைட் என மூன்று கிராமப்புறத் தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஸ்வானின் முடிவு விளங்கும். முதலாவதில் விவசாயிகள் விலகி நின்று ஒரு வாக்குறுதியைப் பெற்றார்கள். இரண்டாவதில் விலக மறுத்து, தங்களைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்று காட்டினார்கள். மூன்றாவதில் தங்கள் ஆளையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

கோதுமையும் கப்பலும்

முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைக் கடும் வறட்சி தாக்கியது. முந்தைய பருவத்தில் 10 கோடி புஷலைத் தாண்டியிருந்த கோதுமை விளைச்சல் ஏறத்தாழ இரண்டரைக் கோடி புஷலாகச் சரிந்தது. ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ. மற்ற நாடுகளுக்குக் கோதுமை விற்றுவந்த நாடு, அந்த ஆண்டு வெளியிலிருந்து கோதுமை வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு மழை பொய்க்கவில்லை. போருக்குக் கோதுமை தேவை என்ற பிரசாரத்தை நம்பி விவசாயிகள் கூடுதல் நிலத்தில் விதைத்திருந்தார்கள். 1915–16 பருவத்தில் 17 கோடியே 90 லட்சம் புஷல் அளவுக்கு வரலாறு காணாத அறுவடை கிடைத்தது.

விளைந்ததை ஏற்றிச் செல்லத்தான் கப்பல் இல்லை. பிரிட்டிஷ் கப்பல்களைப் படைப் போக்குவரத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சியவற்றைப் பக்கத்திலிருக்கும் வட அமெரிக்காவுக்கு அனுப்புவதே லாபம் என்று லண்டன் கணக்கிட்டது. ஆஸ்திரேலியாவுக்கு ஒருமுறை போய்வரும் காலத்தில் ஒரு கப்பல் அட்லாண்டிக்கைப் பல முறை கடந்துவிடும். பிரதமர் வில்லியம் ஹியூஸ் 1916இல் லண்டன் சென்றபோது அரசுப் பணத்தில் 15 சரக்குக் கப்பல்களை வாங்கி, அரசுக் கப்பல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தேங்கிக் கிடந்த கோதுமைக்கு அவை போதவில்லை.

தனியார் வணிகர்களிடம் விட்டால் விலை தரைமட்டமாகும் என்று அஞ்சிய கூட்டாட்சி அரசு, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய நான்கு மாநில அரசுகளுடன் சேர்ந்து 1915 இறுதியில் கோதுமைத் தொகுப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. விவசாயி தன் கோதுமையை ரயில் நிலையத்தில் ஒப்படைப்பார். கையில் ஒரு சான்றிதழும் முன்பணமும் கிடைக்கும். முழுத் தொகுப்பும் விற்ற பிறகு மீதித் தொகை தவணை தவணையாக வரும். முதல் பருவத்தில் முன்பணம் புஷலுக்கு மூன்று ஷில்லிங். 1916 இறுதியில் பிரிட்டிஷ் அரசு 30 லட்சம் டன் கோதுமையைப் புஷலுக்கு நான்கு ஷில்லிங் ஒன்பது பென்ஸ் விலையில் வாங்க ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் ஆஸ்திரேலியக் கம்பளி முழுவதையும் பவுண்டுக்குச் சராசரியாகப் பதினைந்தரை பென்ஸ் விலையில் வாங்கியது. கம்பளிக்காரர்களுக்கு அந்த விலை நிறைவளித்தது. விலைக்குப் பேசி முடித்த கோதுமையோ துறைமுகங்களிலும் ரயில் நிலையங்களிலும் மலைபோல் குவிந்து கிடந்தது.

சாக்குகளில் கட்டித் திறந்தவெளியில் அடுக்கிய கோதுமையை 1917இல் எலிகள் சூறையாடின. விக்டோரியாவின் மாலி, விம்மெரா பகுதி ரயில் நிலையங்களில் டன் கணக்கில் எலிகளைக் கொன்றார்கள். எலி கடித்த சாக்குகள் கிழிந்து, அடுக்குகள் சரிந்தன. எஞ்சியதை வண்டு அரித்தது. சாக்குகளே கல்கத்தாவின் சணல் ஆலைகளிலிருந்து வரவேண்டும். போர்க்காலத்தில் அவற்றின் விலையும் ஏறியது. இழப்பு யார் தலையில் விழும், மீதித் தவணை எப்போது வரும், தொகுப்பை நடத்தும் வாரியத்தில் விவசாயிகளின் குரலுக்கு இடம் உண்டா என்ற கேள்விகள் கோதுமைப் பகுதியின் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தன.

பால், இறைச்சி உற்பத்தியாளர்களின் குறை வேறு. நகரத்து நுகர்வோரின் நெருக்கடியைத் தணிக்க, போர்க்கால முன்னெச்சரிக்கைச் சட்டத்தின் கீழ் அரசு வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் விலை நிர்ணயிக்கத் தொடங்கியது. விவசாயி வாங்கும் கலப்பை, கம்பி, உரம் ஆகியவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் இறக்குமதி வரி, பண்ணைக் கருவிகளின் விலையை மேலும் கூட்டியது. விற்பதற்கு உச்சவரம்பு, வாங்குவதற்கு வரம்பே இல்லை என்பதுதான் அவர்கள் மனக்குறை. இந்த இரண்டுக்கும் பொறுப்பு, தாங்கள் வாக்களித்து அமர்த்திய அரசே என்பது அவர்களை மேலும் உறுத்தியது.

கட்டாயப் படைச்சேர்ப்பும் கட்சிப் பிளவும்

1916 வரை ஆஸ்திரேலியாவை ஆண்டது தொழிற்கட்சி. அதன் தலைவர் ஹியூஸ், வெளிநாட்டுப் போர்முனைக்குக் கட்டாயமாக ஆள் சேர்க்க மக்களின் ஒப்புதலைக் கோரி 1916 அக்டோபர் 28 அன்று பொது வாக்கெடுப்பு நடத்தினார். அவர் கட்சியிலேயே பெரும்பாலோர் அதை எதிர்த்தனர். ஆதரவாக 10,87,557 வாக்குகளும் எதிராக 11,60,033 வாக்குகளும் விழுந்தன. வாக்கெடுப்புக்கு முன்பே, ஒப்புதல் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், 21 முதல் 35 வயது வரையிலான மணமாகாத ஆண்களை உள்நாட்டுப் பயிற்சி முகாம்களுக்கு அரசு அழைத்திருந்தது. அறுவடை நெருங்கும் நேரத்தில் மகன்களையும் கூலியாட்களையும் முகாமுக்கு அனுப்ப வேண்டியிருந்தது விவசாயக் குடும்பங்களை உலுக்கியது. பேரரசுப் பற்றில் எவருக்கும் குறையாத பல விவசாயிகள் எதிர்ப்பின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நவம்பரில் தொழிற்கட்சி உடைந்தது. ஹியூஸ் தம் ஆதரவாளர்களுடன் வெளியேறி, எதிர்க்கட்சியாக இருந்த லிபரல்களுடன் சேர்ந்து 1917 தொடக்கத்தில் தேசியவாதக் கட்சியை உருவாக்கினார். 'போரை வெல்வோம்' என்ற முழக்கத்துடன் 1917 மே 5 அன்று தேர்தலைச் சந்தித்த அந்தக் கட்சி, 75 இடங்களில் 53ஐப் பிடித்தது. கிராமப்புறத் தொகுதிகள் ஏறத்தாழ மொத்தமாக அதன் பக்கம் நின்றன. இரண்டாவது வாக்கெடுப்பு 1917 டிசம்பர் 20 அன்று, அறுவடை மும்முரத்தில் நடந்தது. இம்முறை தோல்வி இன்னும் பெரிது: ஆதரவு 10,15,159, எதிர்ப்பு 11,81,747. டாஸ்மேனியாவைப் போலவே மேற்கு ஆஸ்திரேலியாவும் இரண்டு முறையும் பெரும்பான்மை ஆதரவு தந்தது. ஸ்வான் தொகுதி அந்த மாநிலத்தில்தான் இருந்தது.

வாக்கெடுப்பில் தோற்றால் பதவி விலகுவதாகச் சொல்லியிருந்த ஹியூஸ், 1918 ஜனவரியில் விலகினார். மாற்று அரசு அமைக்க யாராலும் முடியாத நிலையில் அவரே மீண்டும் பிரதமரானார். ஏப்ரலில் அவர் லண்டனுக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் தற்காலிகப் பிரதமராக ஆட்சியை நடத்தியவர் விக்டோரியாவைச் சேர்ந்த வில்லியம் வாட். மூன்று இடைத்தேர்தல்களும் அவர் பொறுப்பில் நடந்தவை.

சங்கத்திலிருந்து வாக்குச்சீட்டுக்கு

நியூ சவுத் வேல்ஸில் 1890களிலேயே விவசாயிகள் சங்கம் இருந்தது. அது பெரும்பாலும் பிற கட்சிகளின் வேட்பாளர்களுக்கு ஆதரவு தருவதோடு நின்றுகொண்டது. தனிக் கட்சியாகக் களமிறங்குவதில் மேற்கு ஆஸ்திரேலியா முந்தியது. அங்கு 1912இல் தோன்றிய விவசாயிகள், குடியேறிகள் சங்கம் 1914 மாநிலத் தேர்தலில் எட்டு இடங்களை வென்றது. அதே ஆண்டு வெஸ்ட்ரேலியன் ஃபார்மர்ஸ் என்ற கூட்டுறவு நிறுவனத்தையும் அந்த இயக்கம் தொடங்கியது. சட்டமன்றத்தில் இடம், சந்தையில் சொந்த நிறுவனம் என்று இரண்டு கால்களிலும் அது நின்றது. விக்டோரியாவில் 1914இல் கோதுமைப் பகுதியில் முளைத்த விக்டோரியா விவசாயிகள் சங்கம், 1917 மாநிலத் தேர்தலில் நான்கு இடங்களைப் பெற்றது.

இந்தச் சங்கங்களின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தொழிற்கட்சியை எதிர்ப்பவர்கள். பண்ணைத் தொழிலாளர் கூலி, நிலவரி ஆகியவற்றில் அதனுடன் அவர்களுக்கு நீண்ட நாள் பகை இருந்தது. போர்க்காலப் பிரச்சினைகளிலும் தேசியவாதக் கட்சிக்கு நெருக்கமாகவே நின்றார்கள். ஆயினும் அந்தக் கட்சி மெல்போர்ன் வணிகர்களின், ஆலை முதலாளிகளின் கட்சி என்ற எண்ணம் அவர்களுக்கு வலுத்து வந்தது. தனி வேட்பாளரை நிறுத்துவது என்று முடிவெடுத்தால் எதிரே ஒரு தடை நின்றது. கூட்டாட்சித் தேர்தலில் அதிக வாக்கு பெற்றவர் வெல்வார் என்பதே விதி. விவசாயி வேட்பாளர் எடுக்கும் ஒவ்வொரு வாக்கும் தேசியவாத வேட்பாளரிடமிருந்து வருவது. அதனால் இரண்டு பேரும் தோற்று, யாரை வரக்கூடாது என்று நினைத்தார்களோ அவரே வந்துவிடுவார். இந்த அச்சத்தைக் காட்டியே தேசியவாதக் கட்சி விவசாயிகளைத் தன் பின்னால் வைத்திருந்தது.

மாநிலத் தேர்தல்களில் இந்தத் தடை நீங்கியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியா 1907இலும் விக்டோரியா 1911இலும், வேட்பாளர்களை வரிசைப்படுத்தி எண் இடும் விருப்ப வாக்கு முறைக்கு மாறியிருந்தன. கூட்டாட்சிக்கும் அதைக் கொண்டுவரும் யோசனை 1902ஆம் ஆண்டின் முதல் தேர்தல் மசோதாவிலேயே இருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சொந்த மாநிலத்தில் விருப்ப வரிசை எழுதிப் பழகிய விவசாயிகள், கூட்டாட்சித் தேர்தலில் ஒற்றைக் குறி போடவேண்டியிருப்பதை அநீதியாகக் கருதினார்கள்.

ஃபிளிண்டர்ஸ் பேரம்

1918 ஏப்ரலில் விக்டோரியாவின் ஃபிளிண்டர்ஸ் தொகுதி காலியானது. அதன் உறுப்பினர் சர் வில்லியம் இர்வின் மாநிலத் தலைமை நீதிபதியானார். மெல்போர்னுக்குத் தென்கிழக்கே பழத்தோட்டங்களும் பால்பண்ணைகளும் நிறைந்த தொகுதி அது. தேசியவாதக் கட்சி ஸ்டான்லி புரூஸை நிறுத்தியது. மெல்போர்ன் இறக்குமதி நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த புரூஸ், பிரிட்டிஷ் படையில் சேர்ந்து கலிப்போலியில் காயம்பட்டு, வீரப் பதக்கங்களுடன் திரும்பியவர், அரசியலுக்குப் புதியவர். போர்வீரர் என்ற பெயர் அவருக்குப் பலம். இறக்குமதி வணிகர் என்பது கிராமத்து வாக்காளரிடம் அத்தனை பலமல்ல.

விக்டோரியா விவசாயிகள் சங்கமும் தன் வேட்பாளரை அறிவித்தது. வாக்குப் பிரிந்து தொழிற்கட்சி நுழைந்துவிடுமோ என்ற கவலை அரசைப் பற்றிக்கொண்டது. பேச்சு நடந்தது. கூட்டாட்சித் தேர்தலுக்கு விருப்ப வாக்கு முறையைக் கொண்டுவருவதாக அரசு உறுதியளிக்க, விவசாயிகள் சங்கம் தன் வேட்பாளரை விலக்கிக்கொண்டது. மே 11 அன்று புரூஸ் எளிதில் வென்றார்.

விவசாயிகள் இந்தப் பேரத்தில் கேட்டது பதவியை அல்ல, மானியத்தை அல்ல. கோதுமை விலையைக்கூட அல்ல. தேர்தல் விதியைக் கேட்டார்கள். விலை ஒரு பருவத்துக்குத்தான் நிற்கும், விதி எல்லாத் தேர்தலுக்கும் நிற்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. வாக்குறுதி கிடைத்துவிட்டாலும், அது எப்போது சட்டமாகும் என்பது அரசின் கையில் இருந்தது.

ஸ்வான்

ஸ்வான் தொகுதியும் சர் ஜான் ஃபாரஸ்டும் பிரிக்க முடியாத பெயர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பாலைகளைக் கடந்த நில ஆய்வாளர், மாநிலத்தின் முதல் முதலமைச்சர், 1901இல் கூட்டாட்சி உருவான நாள் முதல் ஸ்வானின் உறுப்பினர், பல அரசுகளில் நிதியமைச்சர் என்று நீண்ட பொதுவாழ்வு அவருடையது. 1918 ஜனவரியில் ஹியூஸ் விலகியபோது பிரதமர் பதவியை எதிர்பார்த்து ஏமாந்தார். அடுத்த மாதம் அவருக்குப் பிரிட்டிஷ் பிரபுப் பட்டம் அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் நிதியமைச்சர் பதவியைத் துறந்து, நோயுற்ற உடலுடன் லண்டனுக்குக் கப்பலேறினார். செப்டம்பர் தொடக்கத்தில், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் அருகே கப்பலிலேயே உயிர் பிரிந்தது.

அவர் இருந்தவரை அந்தத் தொகுதியில் கட்சி முக்கியமில்லை, ஃபாரஸ்ட்தான் முக்கியம். மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் பரந்து கிடந்த அந்தத் தொகுதியில் கோதுமை, ஆடு வளர்ப்பு, பழத்தோட்டம், பால்பண்ணை எல்லாம் இருந்தன. காட்டு மரத் தொழிலை நம்பி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். தொழிற்கட்சியின் உறுதியான வாக்கு அவர்களிடம் கிடைத்தது. ஃபாரஸ்டின் செல்வாக்கு மறைந்ததும் இந்தப் பிரிவுகள் தனித்தனியே வெளிப்பட்டன.

விவசாயிகள், குடியேறிகள் சங்கம் பாசில் முர்ரேயை நிறுத்தியது. தேசியவாதக் கட்சி, முன்பு ஃப்ரீமேன்டில் தொகுதியின் உறுப்பினராக இருந்த வில்லியம் ஹெட்ஜஸை நிறுத்தியது. ரயில்பாதை ஒப்பந்ததாரராகப் பணம் சேர்த்தவர் அவர். சுயேச்சை ஒருவரும் களத்தில் இருந்தார். தொழிற்கட்சிக்கு, போரிலிருந்து திரும்பிய இளைஞர் கார்பாய். கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்த கட்சியைத் துரோகிகளின் கட்சி என்று தேசியவாதிகள் சாடிவந்த காலம் அது. அந்த ஆண்டு ஜூனில் பெர்த் நகரில் கூடிய தொழிற்கட்சி மாநாடு, பேச்சுவார்த்தை மூலம் போரை முடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்தச் சாடலுக்கு மேலும் தீனி ஆனது. படைச்சீருடை அணிந்து திரும்பிய ஒருவரை நிறுத்தியதன் மூலம் தொழிற்கட்சி அந்தக் குற்றச்சாட்டின் கூரை மழுக்கியது.

மேற்கு முனையில் நேச நாடுகள் முன்னேறிக்கொண்டிருந்தன. போர் முடிவு கண்ணுக்குத் தெரிந்ததால், 'பிரிந்தால் போரில் தோற்போம்' என்ற வாதம் முன்போல் எடுபடவில்லை. கோதுமைத் தொகுப்பின் நிலுவை, விலை நிர்ணயம், இறக்குமதி வரி ஆகியவை முன்னுக்கு வந்தன. ஃபிளிண்டர்ஸில் போல இங்கே யாரும் விலகவில்லை. முர்ரே பின்வாங்க விவசாயிகள் சங்கம் விரும்பவில்லை. ஃபாரஸ்டின் தொகுதியை விட்டுக்கொடுக்க ஆளும் கட்சியும் தயாராக இல்லை.

எண்ணிக்கையில் கார்பாய் 34.4, முர்ரே 31.4, ஹெட்ஜஸ் 29.6 விழுக்காடு பெற்றார்கள், எஞ்சியது சுயேச்சைக்கு. மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய வாக்குடன் தொழிற்கட்சி வென்றது. அரசுக்கு இந்த எண்களில் இரண்டு பாடங்கள் இருந்தன. ஒன்று, வெளிப்படையானது: வாக்குப் பிரிந்தால் தொழிற்கட்சி வரும். மற்றது அதைவிடக் கசப்பானது: பிரிந்த வாக்கில் பெரிய பங்கு விவசாயிகள் சங்கத்துக்குப் போயிருந்தது. கிராமத்தில் இனி விலகவேண்டியது யார் என்ற கேள்விக்கு விடை மாறத் தொடங்கிவிட்டது.

கார்பாய் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மிக இளைய உறுப்பினரானார். 2010இல் இருபது வயது வயட் ராய் தேர்வாகும்வரை 92 ஆண்டுகள் அந்தச் சாதனை நிலைத்தது.

புதிய சட்டம்

கூட்டாட்சித் தேர்தல் சட்டம் 1918 நவம்பர் 21 அன்று ஒப்புதல் பெற்றது. போர்நிறுத்தம் கையெழுத்தாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தன்னைத் தோற்கடிக்கவே இந்த ஏற்பாடு என்று தொழிற்கட்சி எதிர்த்தது. அன்றைய சூழலில் அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. விருப்ப வாக்கு முறையின் பொதுவான நியாயங்களை வாதத்தில் எடுத்துவைத்தார்கள் என்றாலும், மே மாதத்தில் கொடுத்த வாக்குறுதியும் அக்டோபரில் இழந்த தொகுதியும் இல்லாமல் அது அந்த ஆண்டே சட்டமாகியிருக்காது.

புதிய முறைப்படி வாக்காளர் எல்லா வேட்பாளர்களுக்கும் தம் விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் இடவேண்டும். முதல் விருப்பங்களை எண்ணும்போது யாராவது பாதிக்கு மேல் பெற்றால் அவரே வென்றவர். இல்லையென்றால், கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் அடுத்த விருப்பமாகக் குறித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்குகளை எண்ணும் வழியும் இதுவே.

ஸ்வானில் இந்த முறை இருந்திருந்தால் சுயேச்சை முதலில் நீங்கியிருப்பார், அடுத்து ஹெட்ஜஸ். ஹெட்ஜஸின் 29.6 விழுக்காட்டில் பெரும்பகுதி இரண்டாம் விருப்பமாக முர்ரேக்குப் போயிருக்கும். முர்ரே பாதியைத் தாண்ட அதில் மூன்றில் இரண்டு பங்கே போதும். அதாவது, பழைய விதி தொழிற்கட்சிக்குக் கொடுத்த தொகுதியைப் புதிய விதி பெரும்பாலும் விவசாயிகள் சங்கத்துக்குக் கொடுத்திருக்கும். சட்டத்தைக் கொண்டுவந்த தேசியவாதக் கட்சிக்கு அல்ல. தனி வேட்பாளரை நிறுத்தினால் எதிரி வருவான் என்ற அச்சம் நீங்கிய பிறகு, விவசாயிகளைத் தன் பின்னால் கட்டிவைக்க அந்தக் கட்சியிடம் கயிறு இல்லாமல் போனது.

கொராங்கமைட்

இது ஊகமாக நிற்கவில்லை. சட்டம் வந்த நான்கு வாரத்துக்குள், டிசம்பர் 14 அன்று, மேற்கு விக்டோரியாவின் கொராங்கமைட்டில் வாக்குப்பதிவு நடந்தது. பெரிய உப்பு ஏரி ஒன்றின் பெயரைத் தாங்கிய தொகுதி அது. எரிமலைச் சமவெளியின் வளமான கருமண்ணில் ஒருபுறம் தலைமுறை தலைமுறையாக வந்த பெரும் ஆட்டுப் பண்ணைகள், மறுபுறம் கோலாக், கேம்பர்டவுன் ஊர்களைச் சுற்றிச் சிறு பால்பண்ணைகளும் வெண்ணெய் ஆலைகளும். உறுப்பினராக இருந்த தேசியவாதக் கட்சியின் செஸ்டர் மேனிஃபோல்ட் அந்தப் பெரும் பண்ணைக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அவரும் ஃபாரஸ்டைப் போலவே அந்த ஆண்டு கடற்பயணத்தில் காலமானார்.

தொழிற்கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் ஸ்கலின் அந்த மண்ணுக்குப் பழக்கமானவர். 1910 முதல் 1913 வரை அதே தொகுதியின் உறுப்பினராக இருந்து, பெரும் நிலங்கள் மீதான கூட்டாட்சி நிலவரிக்காக வாதாடியவர். பிறகு பல்லாரட் நகரில் தொழிற்கட்சி ஆதரவு நாளேட்டின் ஆசிரியராகக் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து எழுதியவர். தேசியவாதக் கட்சிக்குப் படை அதிகாரி ஜார்ஜ் நாக்ஸ். விக்டோரியா விவசாயிகள் சங்கத்துக்கு லிஸ்மோர் பகுதி விவசாயி வில்லியம் கிப்சன்.

முதல் விருப்பங்களில் ஸ்கலின் 42 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெற்று வெகுவாக முந்தி நின்றார். கிப்சனுக்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாக்ஸ் அவருக்குப் பின்னால். பழைய விதிப்படி ஸ்கலின் அன்றே நாடாளுமன்றம் சென்றிருப்பார். பின்தங்கியவர்களின் சீட்டுகளைப் பிரித்தபோது அவை திரளாகக் கிப்சன் பக்கம் குவிந்தன. இறுதி எண்ணிக்கையில் அவர் பாதியைத் தெளிவாகத் தாண்டி வென்றார். கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் விக்டோரியா விவசாயிகள் சங்கத்தின் முதல் உறுப்பினர் அவர். தேசியவாதக் கட்சி தான் வைத்திருந்த தொகுதியில் மூன்றாம் இடத்துக்குப் போனது.

விளைவுகள்

1919 டிசம்பர் 13 பொதுத் தேர்தலில் விவசாயிகள் சங்கங்களின் வேட்பாளர்கள் தயங்காமல் நின்றார்கள். 11 பேர் வென்றார்கள். ஸ்வானில் கார்பாயைத் தோற்கடித்தவரும் விவசாயிகள் சங்க வேட்பாளர்தான்: ஜான் ப்ரௌஸ். ஓராண்டுக்குச் சற்று மேல் நீடித்த கார்பாயின் கூட்டாட்சிப் பதவி அத்துடன் முடிந்தது. பின்னர் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1920 ஜனவரியில் விவசாயிகள் தரப்பு உறுப்பினர்கள் ஒன்றுகூடி 'கன்ட்ரி கட்சி' என்ற பெயரில் தனிக் கட்சியானார்கள்.

1922 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. 14 இடங்களுடன் கன்ட்ரி கட்சி ஆட்சியைத் தீர்மானிக்கும் நிலையில் இருந்தது. அதன் தலைவர் ஏர்ல் பேஜ், ஹியூஸின் கீழ் அமைச்சராக இருக்க மறுத்தார். 1923 பிப்ரவரியில் ஹியூஸ் விலக, ஃபிளிண்டர்ஸ் உறுப்பினர் புரூஸ் பிரதமரானார், பேஜ் நிதியமைச்சர். பதினோரு அமைச்சர்களில் ஐவர் கன்ட்ரி கட்சியினர். கொராங்கமைட்டின் கிப்சன் அஞ்சல் துறையை ஏற்றார். போர்க்காலத்தில் வாக்காளராக மட்டும் இருந்த விவசாயிகள், போர் முடிந்து ஐந்தாண்டுக்குள் அமைச்சரவையில் ஏறத்தாழப் பாதி இடத்தில் அமர்ந்தார்கள்.

விருப்ப வாக்கு முறை அதைக் கொண்டுவந்தவர்களுக்கு எப்போதும் துணை நின்றதில்லை. 1929 தேர்தலில் ஃபிளிண்டர்ஸில் சுயேச்சை லிபரல் வேட்பாளர் ஒருவரின் வாக்குகளைப் பிரித்தபோது பிரதமர் புரூஸ் 305 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். கிப்சனும் கொராங்கமைட்டை இழந்தார். அந்தத் தேர்தலில் வென்று பிரதமரானவர் ஸ்கலின். கொராங்கமைட்டில் தோற்ற நான்காம் ஆண்டில் மெல்போர்னின் யாரா தொகுதி வழியாக அவர் நாடாளுமன்றம் திரும்பியிருந்தார்.

அந்த முறை இன்றும் ஆஸ்திரேலியாவின் கீழவைத் தேர்தலில் நடப்பில் இருக்கிறது. இரண்டு கட்சிகள் ஒரே தொகுதியில் எதிரெதிரே நின்றும் ஆட்சியில் சேர்ந்து அமரும் வழக்கம் அங்கு வேரூன்ற அதுவே இடம் கொடுத்தது. நகரத்துக் கட்சியும் கிராமத்துக் கட்சியும் அமைத்த அந்தக் கூட்டணி, 1923 முதல் சில இடைவெளிகளுடன் ஆஸ்திரேலிய அரசியலின் நிலையான ஏற்பாடானது. கன்ட்ரி கட்சியின் முதல் மூன்றாண்டுகளும் ஹியூஸின் வீழ்ச்சியும் அடுத்த பகுதியில்.